ஷெட்டை அளந்தாயிற்று, பெயர் யார் பேரில்?

கேள்வி: ஐயா, எனக்குத் தங்கச்சிமடம். பதினோரு வருடமாகக் காய்ந்த பாசி வாங்கி விற்கிறேன். சின்னதாக ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியும் வைத்திருக்கிறேன். உச்சிப்புளிப் பக்கம் கடல்பாசித் திரவ உரம் தயாரிக்கும் கம்பெனி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. நடத்துகிறவர் கீழக்கரைக்காரர், நாங்கள் காக்கா (அண்ணன்) என்றுதான் கூப்பிடுவோம். 2014இல் ஒரு கெமிஸ்ட்டோடு சேர்ந்து பார்ட்னர்ஷிப்பாக ஆரம்பித்தார். 2019இல் அது பிரைவேட் லிமிடெட் ஆனது. கெமிஸ்ட் 2021இல் விலகிக் கோயம்புத்தூர் போய்விட்டார். இப்போது 1 கோடியே 60 லட்சம் கேட்கிறார்: நிலம், ஷெட், மெஷினுக்கு 90 லட்சம், பிராண்டுக்கு 40, பேட்டன்ட் எடுத்த ஃபார்முலாவுக்கு 30. எல்லா ஷேரையும் என் பேருக்கு மாற்றித் தருவதாகச் சொல்கிறார். 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன், மீதிக்கு பேங்க் லோன் கேட்டிருக்கிறேன். நிலத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டேன், சுத்தமாக இருக்கிறது. பிராண்டுக்கும் ஃபார்முலாவுக்கும் எதைப் பார்ப்பது? பேப்பர் கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயக்கமாகவும் இருக்கிறது. பிற்பாடு அதை என் கம்பெனியோடு இணைத்துவிடலாமா? காக்கா கொடுத்த காகிதங்கள், விற்பனைப் பட்டியல், டிரம், லேபிள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். லோகோ வரைந்தது ஒரு பரமக்குடிப் பையன். பிற்பாடு மாலத்தீவுக்கும் துபாய்க்கும் சரக்கு அனுப்பும் எண்ணமும் உண்டு.

பதில்: தம்பி, 90 லட்சம் நிலத்துக்கு வில்லங்கம் பார்த்தீர்கள், மூலப் பத்திரம் கேட்டீர்கள், சர்வேயரைக் கூட்டிப்போய் எல்லைக் கல்லைக்கூடக் காட்டச் சொல்லியிருப்பீர்கள். 70 லட்சம் பெறும் பெயருக்கும் ஃபார்முலாவுக்கும் ஒரு காகிதமும் பார்க்காமல் 2 லட்சம் கொடுத்துவிட்டீர்கள். உங்களை மட்டும் சொல்லவில்லை, நம் பக்கத்தில் எல்லோரும் இப்படித்தான். கண்ணுக்குத் தெரிவதை அளப்போம், தெரியாததை ஆளின் முகத்தைப் பார்த்து நம்புவோம்.

கம்பெனி வாங்கும்போது இந்தச் சோதனையை வக்கீல்கள் டியூ டிலிஜென்ஸ் என்பார்கள். பெயர்தான் பெரிது. நிலத்துக்குக் கேட்கிற அதே மூன்று கேள்விதான் இங்கேயும்: யார் பேரில் இருக்கிறது, அவருக்கு எப்படி வந்தது, மேலே வேறு யாருக்காவது பாத்தியதை உண்டா. நிலத்துக்கு இந்தப் பதில்கள் பெரும்பாலும் சார்பதிவாளர் ஆபீசில் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். பிராண்டுக்கும் பேட்டன்ட்டுக்கும் அப்படி ஒரே ஆபீஸ் கிடையாது. நாலு இடத்தில் தேடி வில்லங்கச் சான்றை நாமே தைத்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் அனுப்பிய போட்டோக்களை நேற்று ராத்திரி பெரிதாக்கிப் பார்த்தேன். பேட்டன்ட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதில்தான் உங்களுக்கு அதிர்ச்சி.

காக்கா கண்ணாடி போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டியிருப்பது பேட்டன்ட் சான்றிதழ் இல்லை. விண்ணப்பக் கட்டணம் கட்டிய ரசீது. அதிலுள்ள எண்ணைப் பாருங்கள், 2018இல் தொடங்கி மொத்தம் 12 இலக்கம். முதல் நாலு இலக்கம் விண்ணப்பித்த ஆண்டு, ஐந்தாவதாக வரும் 4 சென்னை அலுவலகத்தைக் குறிக்கும். இது விண்ணப்ப எண். பேட்டன்ட் கிடைத்திருந்தால் தனியாக ஒரு எண் கொடுத்திருப்பார்கள், அது இவ்வளவு நீளம் இருக்காது. காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தேன். காசு கிடையாது, நீங்களே பார்க்கலாம். வாபஸ் பெற்றதாகக் கருதப்பட்டது என்று இருக்கிறது.

விஷயம் இதுதான். விண்ணப்பம் போட்டால் மட்டும் போதாது, இதைப் பரிசோதியுங்கள் என்று தனியாக ஒரு மனு கொடுத்துக் கட்டணமும் கட்ட வேண்டும். 2018இல் போட்ட விண்ணப்பத்துக்கு அதற்கான கெடு 48 மாதம். (2024இல் விதி மாறி, புது விண்ணப்பங்களுக்கு 31 மாதமாகிவிட்டது.) நடுவில் கெமிஸ்ட் விலகிவிட்டார், ஏஜென்ட் அனுப்பிய மெயில் அவருக்கே போயிருக்கும், யாரும் கவனிக்கவில்லை. 2022இல் கெடு முடிந்து விண்ணப்பம் செத்துவிட்டது.

அதைவிடப் பெரிய நஷ்டம் வேறு. பேட்டன்ட் விண்ணப்பத்தைச் சாதாரணமாக 18 மாதம் கழித்து அரசே வெளியிட்டுவிடும். உரிமை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் செய்முறை ஊருக்குத் தெரிந்துவிடும். பேட்டன்ட் என்பதே அந்த ஒப்பந்தம்தான்: ரகசியத்தை ஊருக்குச் சொல், பதிலுக்கு 20 வருடம் உனக்கு மட்டும் உரிமை. காக்காவின் கம்பெனி ரகசியத்தைச் சொல்லிவிட்டது, 20 வருடத்தை வாங்கவில்லை. அந்த விண்ணப்பத்தில் எழுதியிருப்பதைச் சம்பையிலோ முனைக்காட்டிலோ யார் வேண்டுமானாலும் இன்றைக்கே செய்யலாம். அதற்கா 30 லட்சம்?

போகட்டும், பரிசோதனைக்கே போயிருந்தாலும் தேறியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். பச்சைப் பாசியைப் பிழிந்து சாற்றை உரமாகவும் சக்கையைக் கராஜீனனுக்கும் (பாசியிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருள்) எடுக்கிற முறைக்கு, மண்டபத்தில் நிலையம் வைத்திருக்கும் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் 2005இலேயே அமெரிக்கப் பேட்டன்ட் வாங்கிவிட்டது. அதன் காலமும் முடிந்துவிட்டது. காக்காவின் விண்ணப்பம் அதற்கு மேல் புதிதாக என்ன சொல்கிறது என்று படித்தேன். கொதிநிலை, கலவை விகிதம் என்று சில்லறை மாற்றங்கள். இன்னொரு பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். நீங்கள் செய்யப்போகும் முறை வேறு யாருடைய உயிரோடிருக்கும் இந்தியப் பேட்டன்ட்டிலாவது விழுகிறதா என்று ஒரு பேட்டன்ட் ஏஜென்ட்டை வைத்துத் தேடச் சொல்லுங்கள். நம்மிடம் பேட்டன்ட் இல்லை என்பதால், அடுத்தவன் பேட்டன்ட்டை மிதிக்கவில்லை என்று ஆகிவிடாது.

சரி, அப்படியானால் ஃபார்முலாவுக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது, விண்ணப்பத்தில் எழுதாத பகுதிக்கு. அறுத்த பாசியை எத்தனை மணி நேரத்துக்குள் பிழிய வேண்டும், டிரம் வெயிலில் நின்றாலும் பொங்காமல் இருக்க எதை எவ்வளவு சேர்ப்பது, எந்த வடிதுணி, மழைக்காலத்துப் பாசிக்கு எதைக் கூட்டிக் குறைப்பது. இதெல்லாம் தொழில் ரகசியம். நம் நாட்டில் தொழில் ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் கிடையாது. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமும், அதை ரகசியமாகவே வைத்திருந்தோம் என்ற சாட்சியமும்தான் பாதுகாப்பு. ஆகவே மூன்று விஷயம் விசாரியுங்கள்: அது எங்காவது எழுதி வைத்திருக்கிறதா, யார் யாருக்குத் தெரியும், அவர்கள் வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா. காக்காவிடம் கேட்டால், எழுதியெல்லாம் வைக்கவில்லை, மிக்சிங் பார்க்கும் அக்காவுக்குக் கைப்பழக்கம் என்பார் என்று நினைக்கிறேன். அப்படியானால் நீங்கள் 30 லட்சம் கொடுத்து வாங்குவது அந்த அக்காவின் கைப்பழக்கத்தைத்தான், அவரோ விற்பனைப் பட்டியலில் இல்லை!

இதைச் சோதிக்க ஒரே வழிதான். முதலில் நீங்கள் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள், அது காக்காவுக்கு நியாயம். பிறகு முறையை முழுக்க எழுதித் தரச் சொல்லுங்கள். அதை மட்டும் பார்த்து, அந்த அக்கா கை வைக்காமல், வேறு ஆளை வைத்து உங்கள் முன்னால் மூன்று பேட்ச் போடச் சொல்லுங்கள். மூன்றும் லேபில் தேறினால் ஃபார்முலா இருக்கிறது, விலை பேசலாம்.

இனி பிராண்ட். நாற்பது லட்சம்.

டிரம் போட்டோவில் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் போட்டிருக்கிறது. பதிவான டிரேட்மார்க்குக்கு மட்டும்தான் அதைப் போடலாம், பதிவாகாததற்குப் போடுவது சட்டப்படி தவறு. இங்கே பதிவு இருக்கத்தான் செய்கிறது, 2016இல் செய்தது. ஆனால் சான்றிதழைக் கூர்ந்து படித்தால் இரண்டு ஓட்டை தெரிகிறது.

முதலாவது, வகுப்பு. டிரேட்மார்க்கைப் பொருள் வாரியாக 45 வகுப்பில் பதிவார்கள். உரம் வருவது 1ஆம் வகுப்பில். இவர்கள் பதிந்திருப்பது 31இல், அது தானியம், விதை, கால்நடைத் தீவனம் போன்றவற்றுக்கு. விவசாயம் சம்பந்தப்பட்டது என்று ஏஜென்ட் அங்கே தள்ளிவிட்டார் போல. உரத்துக்கு அந்தப் பெயரை இவர்கள் பதியவில்லை, வேறு யாராவது பதிந்திருக்கலாம். டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் 1ஆம் வகுப்பில் தேடுங்கள். அதே எழுத்து மட்டும் போதாது, ஒலிப்பில் ஒத்ததையும் தேடுங்கள், அதற்கென்று தனி வசதி இருக்கிறது.

இரண்டாவதுதான் உங்கள் கேள்விக்கே மையம். உரிமையாளர் என்ற இடத்தில் இருப்பது 2014ஆம் வருடத்துப் பார்ட்னர்ஷிப்பின் பெயர், கீழே காக்காவும் கெமிஸ்ட்டும் பங்காளிகள். நீங்கள் வாங்கப்போவது 2019இல் பிறந்த பிரைவேட் லிமிடெட்டின் ஷேர்களை. பார்ட்னர்ஷிப்பிலிருந்து கம்பெனிக்கு இந்த டிரேட்மார்க் வந்து சேர்ந்ததா? பதிவேட்டில் அப்படி எதுவும் ஏறவில்லை. நூறு சதவீத ஷேரும் உங்கள் கைக்கு வரும், கம்பெனிக்குச் சொந்தமானதெல்லாம் வரும். கம்பெனிக்கே சொந்தமில்லாத பெயர் எங்கிருந்து வரும்?

உச்சிப்புளி ஷெட்டில் மட்டும் நடப்பது இல்லை இது. 1998இல் ஃபோக்ஸ்வேகன், விக்கர்ஸ் என்ற கம்பெனியிடமிருந்து ரோல்ஸ்ராய்ஸ் கார் தொழிலை 430 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது. க்ரூ ஊரில் இருந்த தொழிற்சாலை வந்தது, காரின் மூக்கில் நிற்கும் அந்தப் பறக்கும் பெண் பொம்மையின் உரிமைகூட வந்தது. ரோல்ஸ்ராய்ஸ் என்ற பெயர் வரவில்லை. 1971இல் பழைய ரோல்ஸ்ராய்ஸ் நொடித்துப்போய், 1973இல் கார் பிரிவு தனியாகப் பிரிந்தபோது பெயரின் உரிமை விமான எஞ்சின் கம்பெனியிடமே தங்கிவிட்டது. அந்தக் கம்பெனி பெயரை 40 மில்லியன் பவுண்டுக்கு பிஎம்டபிள்யூவுக்குக் கொடுத்தது. 2003 முதல் ரோல்ஸ்ராய்ஸ் கார் செய்வது பிஎம்டபிள்யூ, ஃபோக்ஸ்வேகனுக்கு மிஞ்சியது பென்ட்லி. அவ்வளவு வக்கீல்களை வைத்திருந்தவர்கள் கதையே அப்படி.

ஆகவே காக்காவிடம் முதலில் கேட்க வேண்டியது: 2019இல் பிரைவேட் லிமிடெட் எப்படி ஆனது? இரண்டு வழி உண்டு. கம்பெனிச் சட்டத்தின் 366ஆம் பிரிவில் பார்ட்னர்ஷிப்பையே கம்பெனியாக மாற்றிப் பதிந்திருந்தால், சொத்துகள் சட்டப்படி தானாகவே கம்பெனிக்கு வந்துவிடும், டிரேட்மார்க் பதிவேட்டில் பெயரை மாற்றுவது மட்டும் பாக்கி. ஆனால் நம் ஆடிட்டர்கள் பெரும்பாலும் செய்வது வேறு. புதிதாக ஒரு கம்பெனி திறப்பார்கள், ஜிஎஸ்டி எடுப்பார்கள், மறுநாளிலிருந்து பில் புது பேரில் போகும். பழைய பார்ட்னர்ஷிப் அப்படியே கிடக்கும், டிரேட்மார்க்கும் அதோடு கிடக்கும். அந்த வழியென்றால் கையகப்படுத்தல் ஒப்பந்தம் இருக்கிறதா, அதில் டிரேட்மார்க், நற்பெயர் (குட்வில், அதாவது அந்த வியாபாரம் சம்பாதித்த மதிப்பு) என்ற வார்த்தைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால், பார்ட்னர்ஷிப்பின் சொத்தில் கெமிஸ்ட்டுக்கும் இன்றுவரை பங்கு உண்டு என்று அவர் வாதாடலாம். 2021இல் விலகியபோது விலகல் பத்திரம் எழுதினார்களா, அதில் பெயரைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறதா என்பது இப்போது 40 லட்ச ரூபாய்க் கேள்வி.

சரிசெய்ய முடியாததா? முடியும், கடினமில்லை. பார்ட்னர்ஷிப் சார்பாகக் காக்காவும் கெமிஸ்ட்டும் கையெழுத்துப் போட்டு, டிரேட்மார்க்கையும் அதன் நற்பெயரையும் கம்பெனிக்கு மாற்றும் பத்திரம். நற்பெயரோடு என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும். நற்பெயரைப் பிரித்துப் பெயரை மட்டும் மாற்றினால், ஆறு மாதத்துக்குள் பதிவாளரிடம் போய் விளம்பரம் செய்வதற்கு உத்தரவு வாங்க வேண்டும், வீண் அலைச்சல். பிறகு டிஎம்-பி படிவம் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். கூடவே 1ஆம் வகுப்பில் கம்பெனி பேரில் உடனே ஒரு புது விண்ணப்பம். 2016இல் போட்டதற்குப் பத்து வருடம் 2026இல் முடிகிறது, புதுப்பித்த ரசீதையும் கேளுங்கள்.

இங்கே காக்காவுக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். உரத்துக்குப் பதிவு இல்லை என்பதால் அந்தப் பெயர் அனாதை என்று அர்த்தமில்லை. 2014 முதல் அந்தப் பெயரில் விற்றிருக்கிறார்கள் என்றால், அந்த உபயோகத்துக்கே சட்டத்தில் மரியாதை உண்டு, பின்னால் வந்து பதிந்தவனையே எதிர்த்து நிற்கலாம். ஆனால் நிரூபிக்க வேண்டும். அதனால் ஷெட்டின் மூலையில் கரையான் அரிக்கும் 2014, 2015 பில் புத்தகங்களைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். திருவாடானை, முதுகுளத்தூர் ஏஜென்டுகளுக்குப் போட்ட முதல் பில், லாரி வாடகைச் சீட்டு, லேபிள் அச்சடித்த பிரஸ் பில், உள்ளூர்ப் பத்திரிகையில் கொடுத்த விளம்பரம். எண்ணெய்க் கறை படிந்த அந்தப் பில் புத்தகம், கண்ணாடி போட்ட ரசீதைவிட நூறு மடங்கு பெறும்.

பெயர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நம் பெண்கள் வடகடலில் (பாக் நீரிணைப் பக்கம்) மூங்கில் மிதவை கட்டி வளர்க்கிற பாசிக்குக் கப்பாஃபைகஸ் என்று பேர். ஊரில் யார் அப்படிச் சொல்கிறார்கள்? பெப்சி பாசிதான். ஆரம்பத்தில் அந்த வளர்ப்பைக் கொண்டுவந்த கம்பெனி பல வருடத்துக்கு முன்பே அந்தத் தொழிலை விட்டுப் போய்விட்டது. ஜனங்கள் வாயில் பெயர் இன்னும் நிற்கிறது. காக்காவின் டிரம்முக்கும் வியாபாரிகள் வாயில் அப்படி ஒரு செல்லப்பெயர் இருக்குமானால், அதையும் சேர்த்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

லேபிளைப் பார்த்தீர்களா? ஒரு பெண் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார், நெற்றிக்கு மேல் தூக்கிவிட்ட கண்ணாடி, சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, விரல்களில் துணி சுற்றியிருக்கிறது, கையில் பாசிக் கொத்து. அருமையான படம். நான் கேட்பது, யார் எடுத்தது? காக்கா காசு கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தால் போட்டோவின் காப்பிரைட் பொதுவாக எடுக்கச் சொன்னவருக்கு. இணையத்திலிருந்து இறக்கியிருந்தால் என்றைக்காவது ஒரு நாள் நோட்டீஸ் வரும். அந்தப் பெண் சின்னப்பாலத்துக்காரர்போலத் தெரிகிறது. தன் முகம் ஆயிரக்கணக்கான டிரம்மில் போவது அவருக்குத் தெரியுமா? நேரில் போய்ப் பேசி, நியாயமான ஒரு தொகை கொடுத்து, சம்மதக் கடிதம் வாங்குங்கள். சட்டத்தை விடுங்கள், அது மரியாதையும்கூட.

லோகோ வரைந்தது பரமக்குடிப் பையன் என்று எழுதியிருந்தீர்கள். அவர் கம்பெனிச் சம்பளக்காரர் இல்லை. சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் வேலையின் பகுதியாக வரைந்தால்தான் காப்பிரைட் முதலாளிக்கு வரும். வெளியாள் வரைந்தால், காசு கொடுத்திருந்தாலும் எழுத்தில் மாற்றித் தராதவரை லோகோ அவருடையது. இன்னொரு பொடி விஷயம், நிறையப் பேர் இதில் சறுக்குகிறார்கள். காப்பிரைட் மாற்றும் காகிதத்தில் எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால், சட்டம் அதை ஐந்து வருடம் என்றே எடுத்துக்கொள்ளும். எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். நீங்கள் மாலத்தீவுக்கும் துபாய்க்கும் அனுப்ப நினைக்கிற ஆள், ஆகவே காப்பிரைட்டின் முழுக் காலத்துக்கும் உலகம் முழுமைக்கும் என்று எழுதி வாங்குங்கள்.

விற்பனைப் பட்டியலில் ஆறாவதாக முண்டு மிளகாய்ப் புவிசார் குறியீட்டு உரிமை என்று காக்கா போட்டிருக்கிறார். பூச்சி விரட்டிக் கரைசலுக்காக இருக்கலாம். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் குறியீடு கிடைத்தது உண்மை. ஆனால் புவிசார் குறியீட்டை யாரும் விற்கவோ, அடமானம் வைக்கவோ, உரிமம் கொடுக்கவோ முடியாது, சட்டமே தடுக்கிறது. அந்த வரியை அடித்துவிடுங்கள்.

ஒரு ஆராய்ச்சி நிறுவனத்திடமிருந்து தொழில்நுட்ப உரிமம் வாங்கியிருப்பதாகவும் சொல்கிறார். அந்த ஒப்பந்தத்தின் முழு நகலையும் வாங்குங்கள், முதல் பக்கம் போதாது. இத்தகைய உரிமங்கள் பெரும்பாலும் வாங்கியவருக்கு மட்டும், கை மாற்றக் கூடாது, கம்பெனியின் உடைமை மாறினாலே முன் அனுமதி வேண்டும் என்று இருக்கும். ஷேரை மட்டும் மாற்றினாலும் அந்த ஷரத்து விழித்துக்கொள்ளும். அனுமதிக் கடிதம் வராமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணையில் 2021 முதல் பாசிச் சாறு போன்றவை உயிர்த்தூண்டி (பயோஸ்டிமுலன்ட்) என்ற வகையில் வந்துவிட்டன. அந்தப் பதிவு யார் பேரில், எந்தத் தேதி வரை என்பதையும் பாருங்கள். பெயர், ஃபார்முலா போல இது அறிவுசார் சொத்து இல்லைதான், ஆனால் அது இல்லாமல் பிராண்டை வைத்துக்கொண்டு என்ன விற்பீர்கள்? கட்டக்கோரை கலந்த இரண்டாவது சரக்கு ஒன்றும் இருக்கிறதே, அந்தப் பாசி எங்கே அறுத்தது, மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்குத் தெரிவித்தார்களா என்றும் கேளுங்கள். தென்கடலில் (மன்னார் வளைகுடாவில்) உள்ள 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அங்கே கை வைத்த சரக்கு என்றால் தலைவலி ஷேரோடு சேர்ந்து உங்களுக்கு வரும். ஷேர் வாங்குவதில் உள்ள சிக்கலே அதுதான், பழைய பாவமும் கூடவே வரும். பேங்க் ஏற்கெனவே பிராண்டின் மேல் பாத்தியதை போட்டிருக்கிறதா என்று கம்பெனிப் பதிவாளர் தளத்தில் பார்ப்பதை உங்கள் ஆடிட்டரிடம் விட்டுவிடுங்கள்.

என் அனுபவம் ஒன்று, கொஞ்சம் வெட்கத்தோடு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவருக்குக் கருவாட்டு மசாலா கம்பெனி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். டிரேட்மார்க், பத்திரம், லைசென்ஸ் எல்லாம் ஒழுங்காகப் பார்த்தேன். பாக்கெட்டின் பின்னால் அச்சடித்திருந்த போன் நம்பரை மட்டும் பார்க்கவில்லை. அது விற்றவரின் மருமகன் பேரில் இருந்தது. வியாபாரிகள் எல்லோரும் அந்த நம்பருக்குத்தான் ஆர்டர் சொல்வார்கள். ஆறு மாதம் ஆர்டர் அங்கே போனது, மருமகன் வேறு பெயரில் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து போன் நம்பர், இணையதள முகவரி, ஆன்லைன் விற்பனைக் கணக்கு, வாட்ஸ்அப் குரூப் அட்மின் எல்லாவற்றுக்கும் பாஸ்வேர்டு கைமாறிய பிறகுதான் கடைசித் தவணை என்று ஒப்பந்தத்தில் எழுதுகிறேன். உங்கள் டிரம்மிலும் ஒரு நம்பர் இருக்கிறது. அது யாருடையது?

விலை விஷயத்துக்கு வருகிறேன். பேட்டன்ட் என்ற தலைப்பை ஒப்பந்தத்திலிருந்தே எடுத்துவிடுங்கள், அதற்குப் பத்து பைசா கொடுக்க வேண்டாம். எழுதாத செய்முறைக்கு, மூன்று பேட்ச் தேறிய பிறகு ஒரு தொகை. பிராண்டின் 40ஐ இரண்டாகப் பிரித்து, பாதியை டிரேட்மார்க் பதிவேட்டில் கம்பெனியின் பெயர் ஏறிய பிறகு கொடுங்கள். காக்கா போட்டிக்கு இன்னொரு கம்பெனி தொடங்கக் கூடாது என்றும் எழுதலாம். சாதாரணமாக அப்படிப்பட்ட தடை இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவில் செல்லாது. தொழிலை நற்பெயரோடு விற்கிறவருக்கு மட்டும் விலக்கு உண்டு, அதுவும் நியாயமான எல்லைக்குள். ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டம், மூன்று வருடம் என்று போட்டால் நிற்கும், இந்தியா முழுக்க ஆயுள் முழுக்க என்று போட்டால் நிற்பது கஷ்டம். கெமிஸ்ட்டை இந்த வழியில் கட்டுவது கஷ்டம், இப்போது தொழிலை விற்கிறவர் அவர் இல்லையே.

கம்பெனிகளை இணைப்பது பற்றி. இரண்டும் சிறிய கம்பெனி என்றால் கம்பெனிச் சட்டத்தின் 233ஆம் பிரிவில் சுருக்கு வழி உண்டு, சொத்தெல்லாம் உத்தரவோடு வந்துவிடும். டிரேட்மார்க் பதிவேட்டில் மறுபடி ஒரு முறை பெயர் மாற்ற வேண்டியிருக்கும். ஆனால் ஒரு வருடமாவது தனியாக ஓட்டுங்கள். பழைய வழக்கு, பழைய பாக்கி ஏதாவது தலைதூக்கினால் அந்தக் கம்பெனியோடு நிற்கட்டும், உங்கள் பாசி வியாபாரத்தைத் தொட வேண்டாம்.

கோபித்துக்கொள்வாரோ என்று கேட்டீர்கள். பொய் சொல்லத் தேவையே இல்லை. காக்கா, பேங்க்ல லோன் கேட்டிருக்கேன், அவங்க ஒவ்வொரு பேப்பரும் கேக்குறாங்க, உங்க ஆடிட்டரையே எடுத்துத் தரச் சொல்லுங்க என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான். பேட்டன்ட் செத்துப்போனது அவருக்கே தெரியாமல் இருக்கலாம், பத்துப் பேர் முன்னால் சொல்லாமல் தனியாக டீ குடிக்கும்போது சொல்லுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை இரண்டு. கொடுத்த 2 லட்சத்துக்கு ரசீது வாங்குங்கள். அறிவுசார் சொத்துகள் கம்பெனி பேரில் தெளிவாக இல்லாவிட்டால் இந்தத் தொகை முழுதும் திருப்பித் தரப்படும் என்ற ஒரு வரி அதில் இருக்கட்டும். அடுத்தது, கோயம்புத்தூர் போய்க் கெமிஸ்ட்டைப் பாருங்கள். தனியாகப் போகாதீர்கள், காக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிரிந்த பங்காளிகள் நேருக்கு நேர் உட்கார்ந்தால்தான் எந்தக் கணக்கு பாக்கி என்பது வெளியே வரும். காக்கா வர மாட்டேன் என்றால், காரணத்தைக் கேட்டு எனக்கு எழுதுங்கள், அதுவரை ஒரு ரூபாயும் தர வேண்டாம்.